வங்கி ஏலத்தில் வீடு: மலிவின் உண்மைக் கணக்கு

நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வெளியாகும் வங்கி ஏல அறிவிப்புகளை ஒரு காலத்தில் வழக்கறிஞர்களும் நிலத் தரகர்களும் மட்டுமே படித்துவந்தனர். இன்று மாதச் சம்பளக்காரர்களும் பணி ஓய்வுப் பலனைக் கையில் வைத்திருப்போரும் அவற்றைத் தேடிப் படிக்கின்றனர். 2025 ஜனவரியில் பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் 'பேங்க்நெட்' என்ற ஒரே இணையதளத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, வீட்டிலிருந்தே ஏலம் கேட்பது எளிதாகிவிட்டது. பாதி விலைக்கு வீடு கிடைக்கும் என்று ஆசைகாட்டும் காணொலிகளுக்கும் பஞ்சமில்லை. சென்னையிலும் கோவையிலும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்கு வீட்டு விலை போய்விட்ட காலத்தில் இந்த ஆர்வத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால், ஏலத்தில் தெரியும் மலிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வகுக்கப்படும் எந்த ஏல உத்தியும் பயன் தராது.

வங்கி இந்தச் சொத்தை விற்கும் அதிகாரத்தைப் பெறுவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்திலிருந்து. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன், வாராக் கடனாக வகைப்படுத்தப்படுகிறது. 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்புக்குப் பிறகும் கடன் செலுத்தப்படாவிட்டால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வங்கி சொத்தைச் சுவாதீனத்தில் எடுக்கலாம். பின்னர் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பீட்டைப் பெற்று, அடிப்படை விலை நிர்ணயித்து, கடனாளிக்கு 30 நாள் அறிவிப்பு கொடுத்து, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்து ஏலம் விடலாம். ஏலம் கேட்க விரும்புவோர் வழக்கமாக அடிப்படை விலையில் 10 சதவீதத்தை முன்வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும்.

ஏலம் கேட்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது, வென்ற பிறகு ஓடத் தொடங்கும் கடிகாரத்தை. முன்வைப்புத் தொகையையும் சேர்த்து, விலையில் 25 சதவீதத்தை அன்றே அல்லது மறு வேலைநாளுக்குள் கட்டியாக வேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு, விற்பனை உறுதிசெய்யப்பட்டதிலிருந்து 15 நாள் மட்டுமே அவகாசம். எழுத்துபூர்வமான ஒப்புதலுடன் இதை நீட்டிக்கலாம். ஆனால், எக்காரணம் கொண்டும் மூன்று மாதங்களைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கடன் வாங்கி மீதியைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். விற்பனைச் சான்றிதழ் கைக்கு வராத, உள்ளே ஆள் குடியிருக்கும் சொத்தின் மீது இன்னொரு வங்கி 15 நாளில் கடன் தந்துவிடும் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா - சண்முகவேலு வழக்கில், 12.27 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தைக் கட்டிய பிறகு மீதியை உரிய காலத்தில் செலுத்த இயலவில்லை. வங்கி மூன்று கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட அந்தத் தொகையைப் பறிமுதல் செய்தது. மறு ஏலத்தில் வங்கிக்கு முந்தைய விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. வங்கிக்கு நட்டமில்லை என்ற நிலையில், பெரும்பகுதியைத் திருப்பித் தருமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதாரண ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டு விதிகள் இங்கே பொருந்தாது. ஏலதாரரின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழல் இருந்தாலன்றி, 25 சதவீதமும் பறிமுதலாகும் என்பதே தீர்ப்பின் சாரம். 60 லட்சம் ரூபாய் வீட்டை ஏலத்தில் எடுத்துத் தடுமாறும் குடும்பத்துக்கு இது 15 லட்சம் ரூபாய். முழுப் பணமும் கையில் இல்லாதவர் ஏலத்தில் இறங்கவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது, அறிவிப்பின் அடியில் தவறாமல் இடம்பெறும் 'உள்ள இடத்தில், உள்ளது உள்ளபடி' என்ற வாசகம். சொத்தில் பின்னால் தெரியவரும் எந்தக் குறைக்கும் வங்கி பொறுப்பேற்காது என்பது இதன் பொருள். சர்ஃபேசி விதிகளின்படி, தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி அறிவிப்பில் குறிப்பிட வேண்டும். 'தனக்குத் தெரிந்த' என்பதில்தான் சிக்கல். வங்கி விசாரிக்காததெல்லாம் வங்கிக்குத் தெரியாததாகிவிடுகிறது. ஆகவே, பல அறிவிப்புகளில் அந்தப் பத்தியில் 'வங்கிக்குத் தெரிந்தவரை இல்லை' என்ற ஒற்றை வரியே இருக்கும். பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். வாய்மொழி வாடகை ஒப்பந்தம், வாரிசுத் தகராறு, நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றை அதில் எதிர்பார்க்க முடியாது. சொத்து வரி நிலுவையும் மின் கட்டண நிலுவையும் தனிக் கதை. மின் நிலுவையைப் பொறுத்தவரை, விதிமுறை இடம் கொடுத்தால் பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டிய பிறகே புதிய உரிமையாளருக்கு இணைப்பு தருவோம் என்று மின் வாரியம் சொல்லலாம் என 2023-இல் கே.சி. நினன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 'உள்ளது உள்ளபடி' வாங்கியவர் அதையும் விசாரித்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

எல்லாவற்றையும்விடப் பெரியது சுவாதீனம். அறிவிப்பில் 'அடையாள சுவாதீனம்' என்று இருந்தால், வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது, உள்ளே ஆள்கள் இருக்கிறார்கள் என்று பொருள். 'நேரடி சுவாதீனம்' என்றால்தான் சாவி வங்கியிடம் இருக்கிறது. இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்குப் பல லட்சம் ரூபாய் விலை உண்டு. மாவட்ட ஆட்சியரின் உதவியைப் பெற்று வீட்டைக் காலிசெய்து ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடுவும் இருக்கிறது. நடைமுறையில், வாடகைதாரர் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடினால் மாதங்கள் வருடங்களாக நீள்வது அரிதல்ல.

இவற்றைக் கணக்கில் எடுத்தால் மலிவு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: அக்கம்பக்கத்தில் இதேபோன்ற வீடு 80 லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. வங்கியின் அடிப்படை விலை 60 லட்சம் ரூபாய். பார்த்தவுடன் 25 சதவீதத் தள்ளுபடி. வீட்டில் ஆள் குடியிருக்கிறார். கைக்கு வர ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் ஓராண்டுக்கு 5.4 லட்சம். தமிழகத்தில் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விற்பனைச் சான்றிதழுக்கும் அதே அளவு ஒதுக்கிவைப்பதே பாதுகாப்பு என்பதால் இன்னொரு 5.4 லட்சம். வரி, மின்சாரம், குடியிருப்போர் சங்கப் பாக்கிகள் ஒரு லட்சம். பராமரிப்பின்றிக் கிடந்த வீட்டைச் சீரமைக்க 4 லட்சம். வழக்கறிஞர், காலிசெய்யும் செலவுகள் ஒன்றரை லட்சம். ஆக மொத்தம் 17.3 லட்சம். மிச்சமிருக்கும் லாபம் 2.7 லட்சம் ரூபாய். அதுவும் வழக்கு எதுவும் வராமல், ஓராண்டுக்குள் எல்லாம் முடிந்தால்! போட்டியில் மூன்று முறை லட்சம் லட்சமாக ஏற்றிக் கேட்டால் அதுவும் போய்விடும். அதே வீடு நேரடி சுவாதீனத்தில் இருந்தால், வட்டியில் பெரும்பகுதியும் காலிசெய்யும் செலவும் மிஞ்சி, 65 லட்சம் வரைகூடக் கேட்கலாம்.

ஏலம் கேட்பவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கணக்கு. சந்தை விலையிலிருந்து கீழிறங்கி வந்து தன் உச்ச வரம்பை அடைய வேண்டும். அடிப்படை விலையிலிருந்து மேலேறிப் போகக் கூடாது. அடிப்படை விலை என்பது வங்கி சொல்லும் தொடக்கம் மட்டுமே. அதைச் சொத்தின் மதிப்புக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் மனப்பழக்கம்தான் பலரை ஏமாற்றுகிறது.

வரம்பை இன்னும் சற்றுக் கீழே இறக்கவும் ஒரு காரணம் உண்டு. 1971-இல், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். கடும் போட்டியிட்டு ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, எல்லோரும் மதிப்பிடுகிறார்கள். சிலர் கூடுதலாக, சிலர் குறைவாக. ஏலத்தில் வெல்பவர் யார்? எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, தவறாக மதிப்பிட்டிருக்க அதிக வாய்ப்புள்ளவர். பொருளியலாளர்கள் இதை 'வென்றவரின் சாபம்' என்கின்றனர். ஏலக் கோட்பாட்டில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2020-இல் பால் மில்குரோமுக்கும் ராபர்ட் வில்சனுக்கும் வழங்கப்பட்ட பொருளாதார நோபல் பரிசு ஒரு சான்று.

வங்கி ஏல வீட்டிலும் உள்ளே இருக்கும் வழக்கும் வில்லங்கமும் பூமிக்கடியில் உள்ள எண்ணெயைப் போலத்தான். எனவே, போட்டியாளர்கள் அதிகமானால் வரம்பை உயர்த்த வேண்டும் என்ற இயல்பான உந்துதல் தவறு. மறுவிற்பனைக்காக வாங்குபவர் தன் வரம்பைக் குறைக்க வேண்டும். 'இத்தனை பேர் கேட்கிறார்களே, நல்ல சொத்தாகத்தான் இருக்கும்' என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் பத்திரத்தைப் படித்திருக்க மாட்டார்கள். விதிவிலக்கு உண்டு. பக்கத்து மனைக்காரருக்கு அந்த இடத்தின் மதிப்பு வேறு. குழந்தையின் பள்ளிக்கு அருகில் குடியிருக்க வேண்டும் என்பவருக்கும் அப்படியே. தான் வாழப்போகும் வீட்டுக்குச் சந்தை விலைக்கு மேல் தருவதும் நியாயமாக இருக்கலாம். அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு என்பதை ஏலத்துக்கு முன்பே அவர் தீர்மானித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிராமங்களில் குளத்து மீன் ஏலமும் கோயில் நிலக் குத்தகை ஏலமும் நடந்த நாள்களில், யார் கேட்கிறார், யார் பின்வாங்குகிறார் என்பது முகத்துக்கு முகம் தெரியும். ஊர் நிலவரம் அறிந்தவர் ஒதுங்கினால் மற்றவரும் யோசிப்பார்கள். கூடவே, நான்கு பேர் கூடிப் பேசி விலையை அமுக்குவதும் நடந்தது. மின்னணு ஏலம் அந்தக் கூட்டணிகளைப் பெருமளவு கடினமாக்கியிருக்கிறது, நல்லது. ஆனால், எதிரே கேட்பவர் விவரமறிந்த உள்ளூர்க்காரரா, காணொலி பார்த்துவிட்டு வந்தவரா என்ற தகவலும் சேர்ந்தே மறைந்துவிட்டது. திரையில் ஏறும் எண்ணிலிருந்து எதையும் கற்க முடியாதபோது, அதைப் பார்த்துத் தன் கணக்கை மாற்றுவதில் பொருளில்லை.

திரைக்கு முன்னால் செய்யக்கூடிய 'தந்திரங்கள்' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இங்கே செல்லுபடியாகாது. கடைசி நொடியில் கேட்டு வெல்வது அவற்றில் ஒன்று. முடிவு நேரம் மாறாத இணைய ஏலங்களில்தான் கடைசி நொடிக் கேட்புகள் குவிகின்றன. நேரம் தானாக நீளும் ஏலங்களில் அந்த வழக்கம் குறைவு என்று ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் ஈபே, அமேசான் ஏலங்களை ஒப்பிட்டு 2002-இல் எழுதினர். நம் வங்கி ஏலங்களில் பொதுவாக, கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் ஐந்து அல்லது பத்து நிமிடம் தானாகவே நீளும். ஆகவே காத்திருப்பதில் ஆதாயமில்லை. எடுத்த எடுப்பில் பெரிய தொகை சொல்லி மற்றவரை மிரட்டுவதும் முகம் தெரியாத களத்தில் அவ்வளவாக எடுபடாது. குறைந்தபட்ச ஏற்றத்தில் கேட்டுக்கொண்டே போய், தாளில் எழுதிவைத்த எண் வந்ததும் நிறுத்துவது மட்டுமே உத்தி. அந்த எண் 60, 65 என்று முழு எண்ணாக இல்லாதிருப்பது நல்லது. பலரும் முழு எண்களில்தான் நிற்பார்கள்; அதற்குச் சற்று மேலே இருப்பவருக்கு ஓர் ஏற்றம் மிச்சமிருக்கும்.

உண்மையான உத்தி வேறிடத்தில் இருக்கிறது: கேட்காமல் இருப்பதில். யாரும் முன்வராத ஏலம் தோற்றால், வங்கி அடுத்த ஏலத்தில் அடிப்படை விலையைக் குறைப்பது வழக்கம். மறு ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பே போதும். செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் நவி மும்பைச் சொத்து ஒன்று எட்டு ஏலங்களில் விலைபோகாமல், 2023 ஜூனில் ஒன்பதாவது ஏலத்தில் 105.05 கோடி ரூபாய்க்குப் போனது. அடிப்படை விலை 105 கோடி. அதன் பிறகு கடனாளி நிறுவனம் 129 கோடி ரூபாய் கட்டி மீட்டுக்கொள்ள முன்வர, மும்பை உயர் நீதிமன்றம் அதை அனுமதித்தது. அந்தச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடனாளிக்குச் சொத்தை மீட்கும் உரிமை உண்டு. அதற்குப் பின் ஏலதாரரின் உரிமையை நீதிமன்றம்கூடப் பறிக்க முடியாது என்றது.

இந்தத் தீர்ப்பு ஏலதாரருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால், முழுப் பாதுகாப்பு அல்ல. வங்கி நடைமுறையில் பிழை செய்திருந்தால், கடனாளி கடன் வசூல் தீர்ப்பாயத்தில் விற்பனையையே எதிர்க்கலாம். 30 நாள் அறிவிப்பு முறையாகச் சேர்ந்ததா, மதிப்பீடு முறையாக நடந்ததா என்பவை கடனாளியின் கவலைகள் மட்டும் அல்ல. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி பிற்பாடு வாங்கியவரின் தலையில்தான் விழும். நிலம் விவசாய நிலமாக இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது என்பதும் சரிபார்க்க வேண்டியது. வாங்குபவரின் பார்வையிலிருந்து மட்டும் எழுதப்படும் ஏல ஆலோசனைகளில் இந்தப் பக்கம் காணாமல் போவது வழக்கம்.

காணாமல் போகும் இன்னொருவர், அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர். கடனும் வட்டியும் செலவும் போக ஏலத்தில் மிஞ்சும் தொகை கடனாளிக்கே சேர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குறைந்தால், மீதிக் கடன் அவர் கழுத்தில் தொங்கும். 80 லட்சம் ரூபாய் வீடு 60 லட்சத்துக்குப் போகும்போது, இழக்கப்படும் 20 லட்சத்தில் வாங்குபவருக்கு 2.7 லட்சம் மட்டுமே தங்குகிறது என்று மேலே பார்த்தோம். மீதி எங்கே போனது? பதிவுச் செலவு போன்ற தவிர்க்க முடியாதவை ஒரு பகுதி. மற்றவை தாமதத்துக்கும் தகவலின்மைக்கும் வைக்கப்பட்ட விலை. வீட்டை இழந்தவர் அதைச் செலுத்துகிறார்; பலன் யாருக்கும் இல்லை.

இதைக் குறைப்பது வங்கிகளின் கையில் இருக்கிறது. நேரடி சுவாதீனம் பெற்ற பிறகே குடியிருப்பு வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுவருவது முதல் படி. மதிப்பீட்டு அறிக்கை, வில்லங்கச் சான்று, சொத்து வரி மற்றும் மின் கட்டண நிலுவை, வாடகைதாரர் விவரம், தீர்ப்பாய வழக்கு எண் ஆகியவற்றை இணையதளத்தில் அந்தச் சொத்தின் பக்கத்திலேயே ஏற்றுவது அடுத்தது. இவை எதுவும் வங்கியால் பெற முடியாத ஆவணங்கள் அல்ல. பலவும் கடன் கொடுக்கும்போதே அதன் கோப்பில் சேர்ந்தவை. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே தளத்தில் குவித்துக் காட்ட முடிந்த நிதியமைச்சகத்துக்கு, அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுமாறு வங்கிகளைக் கட்டாயப்படுத்துவது கடினமல்ல. 'வங்கிக்குத் தெரிந்தவரை' என்ற விதியின் சொற்றொடரை 'வங்கி உரிய விசாரணையில் அறிந்திருக்க வேண்டியவரை' என்று மாற்ற, நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. விதித் திருத்தமே போதும்.